பாதுகாப்பு விதி மாறும்போது நிறுவனம் செய்ய வேண்டியவை

பணியிடப் பாதுகாப்பு விதிகளில் ஒரு திருத்தம் வந்ததும் பல நிறுவனங்கள் முதலில் செய்வது, எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து வகுப்பு எடுத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதுதான். மாறிய விதி எந்த வேலையைத் தொடுகிறது, அந்த வேலையை யார் யார் செய்கிறார்கள் என்பதை எழுத்தில் பிரித்துக்கொள்ளும் பணி அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அது முடியாமல் நடக்கும் வகுப்பில் கணக்குப் பிரிவினர் தவறாமல் இருப்பார்கள். இரவு ஷிப்டில் இயந்திரத்தைத் துடைப்பவர் மட்டும் இருக்க மாட்டார்.

திருத்தத்தை ஆலோசகர் அனுப்பும் சுருக்கத்தில் படித்து நிறுத்திவிடாமல், அரசு வெளியிட்ட மூல வாசகத்திலேயே படியுங்கள். அதில் மூன்று தேதிகளைத் தேட வேண்டும்: வெளியான நாள், நடைமுறைக்கு வரும் நாள், பழைய முறைக்கு அவகாசம் தரப்பட்டிருந்தால் அது முடியும் நாள். பன்னாட்டு அளவில் நடக்கும் மாற்றம் தானாக உங்களைக் கட்டுப்படுத்திவிடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். ரசாயனங்களை வகைப்படுத்தவும் லேபிளிடவும் ஐக்கிய நாடுகள் அமைப்பு 2003-இல் முதன்முதலாக வெளியிட்ட உலகப் பொதுமுறை, 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. ஆனால் உங்கள் நாட்டுச் சட்டம் அதன் எந்தப் பதிப்பை ஏற்றிருக்கிறதோ, அதுவே உங்களுக்கு விதி.

அடுத்து ஓர் அட்டவணை தயாரியுங்கள். விதியின் பிரிவு, அது தொடும் வேலை, அதைச் செய்பவர்களின் பெயர்கள், அவர்கள் இனி வேறு விதமாகச் செய்ய வேண்டியது, பயிற்சி தந்த நாள், செய்து காட்டியதைப் பார்த்து உறுதிசெய்தவர் என்று அதில் நிரல்கள் இருந்தால் போதும். நான்காவது நிரல்தான் கடினமானது. அதை நிரப்ப முடியவில்லை என்றால் விதி இன்னும் புரியவில்லை என்று பொருள்.

ரசாயன லேபிள் விதி மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய பீப்பாயின் லேபிளைச் சப்ளையர் மாற்றிவிடுவார். ஆனால் பீப்பாயிலிருந்து சிறு குப்பியில் ஊற்றிக்கொண்டு போய் வேலை செய்பவரின் கையில் இருப்பது, பெயர்கூட எழுதாத குப்பி. அவருக்குத் தர வேண்டிய பயிற்சி அந்தக் குப்பியில்தான் தொடங்க வேண்டும்: எந்த லேபிளை ஒட்டுவது, சிவப்புச் சாய்சதுரத்துக்குள் இருக்கும் படம் எதைக் குறிக்கிறது, கண்ணில் தெறித்தால் என்ன செய்வது. ரசாயனத்தின் ஆபத்துகளையும் கையாளும் முறையையும் சொல்லி சப்ளையர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளின் 16 பிரிவுகளையும் அவருக்கு வாசித்துக் காட்டுவதைவிட, முதலுதவி சொல்லும் 4-ஆம் பிரிவையும் கையுறை, முகக்கவசம் பற்றிச் சொல்லும் 8-ஆம் பிரிவையும் அவரே எடுத்துக் காட்டுமளவுக்குப் பழக்குவது மேல். பிறகு மேற்பார்வையாளர் முன்னிலையில் ஒருமுறை ஊற்றி, லேபிள் ஒட்டிக் காட்டட்டும். தேர்வுத்தாளில் சரியாக விடை எழுதியவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவது உண்டு.

பயிற்சி தொழிலாளருக்குப் புரியும் மொழியில், வேலை நேரத்திலேயே நடக்கட்டும். பாதுகாப்பு நடவடிக்கைகளுக்காகத் தொழிலாளர் எந்தச் செலவும் ஏற்கக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 155, சொல்கிறது. 2022 ஜூனில் அது அடிப்படை உடன்படிக்கைகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. பயிற்சிக் கட்டணத்தையோ கையுறையின் விலையையோ சம்பளத்தில் பிடிப்பது அதன் நோக்கத்துக்கே எதிரானது. ஒரே இடத்தில் பல நிறுவனங்கள் வேலை செய்தால் அவை ஒத்துழைக்க வேண்டும் என்றும் அதே உடன்படிக்கை கூறுகிறது. ஆகவே ஒப்பந்தத் தொழிலாளர்களை ஒப்பந்ததாரர் பார்த்துக்கொள்வார் என்று அட்டவணையிலிருந்து விட்டுவிடாதீர்கள்.

புதிய விதி இயந்திரத்துக்குத் தடுப்பு கேட்டால் தடுப்பைப் பொருத்துங்கள். சுழலும் பகுதியில் கை வைக்காதே என்று எத்தனை முறை பயிற்சி தந்தாலும் அது தடுப்புக்கு ஈடாகாது.

பதிவேட்டில் பயிற்சி பெற்றவர், பயிற்றுநர், தேதி, பாடத்தின் உள்ளடக்கம், அப்போது நடைமுறையில் இருந்த விதியின் பதிப்பு ஆகியவை இருக்க வேண்டும். விதி மாறும்போது பழைய பதிவுகளை அழித்து எழுதாதீர்கள்; பின்னாளில் விசாரணை வந்தால், விபத்து நடந்த நாளில் எந்த விதி இருந்தது, அந்தத் தொழிலாளி எந்தப் பயிற்சி பெற்றிருந்தார் என்றுதான் கேட்பார்கள்.

மறுபயிற்சிக்குச் சட்டம் கால இடைவெளி சொல்லியிருந்தால், அந்தத் தேதியை ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறித்துவையுங்கள். புதிய இயந்திரம் வரும்போதும், ஒருவர் வேறு பிரிவுக்கு மாறும்போதும், நீண்ட விடுப்பு முடிந்து திரும்பும்போதும், மயிரிழையில் விபத்து தப்பிய பிறகும் அந்தத் தேதிக்காகக் காத்திராமல் உரியவருக்கு உடனே பயிற்சி கொடுத்து, அதையும் அதே அட்டவணையில் ஏற்றுங்கள்.