ஊரே ஒரு புத்தகம் படிக்க

ஊர் முழுக்க ஒரே புத்தகத்தைப் படித்தால் எப்படி இருக்கும்? 1998-இல் அமெரிக்காவின் சியாட்டில் பொது நூலகத்தில் நான்சி பேர்ல் என்ற நூலகர் இந்தக் கேள்வியோடுதான் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். எங்கள் கிளை நூலகத்து வாசகர் வட்டம் மூன்று வருடமாக அதைச் செய்துவருகிறது. உங்கள் ஊரிலும் முடியும்.

முதலில் புத்தகம். 120 பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் வருடம் நான் பிடிவாதமாக 400 பக்க நாவலைத் தேர்ந்தெடுத்தேன். பெரும்பாலோர் பாதியில் விட்டுவிட்டார்கள். நாட்டுடைமையான, அதாவது அரசு எல்லோருக்கும் பொதுவாக்கிய நூல் என்றால் யாரிடமும் அனுமதி கேட்காமல் பெரிய எழுத்தில் அச்செடுத்து வயதானவர்களுக்குத் தரலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் பல நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அப்புறம் பிரதிகள். நூலகத்தில் ஒன்றிரண்டுதான் இருக்கும், குறைந்தது நாற்பது வேண்டும். உதவ வருபவர்களிடம் பணம் வாங்காதீர்கள், புத்தகமாகவே வாங்குங்கள். நூலகரிடம் பேசி, இவற்றைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள். நூலகப் பதிவேட்டில் ஏறிவிட்டால் உறுப்பினர் அல்லாதவர் கைக்குப் போகாது.

பின்னட்டையின் உள்ளே ஒரு தாளை ஒட்டுங்கள். படித்தவர் பெயர், தெரு, அடுத்து யாரிடம் கொடுத்தார், அவ்வளவுதான். ஆளுக்கு ஏழு நாளுக்கு மேல் வேண்டாம். எங்கள் பிரதி ஒன்று சலூனில் கிளம்பி, மாவு மில் வழியாகச் சத்துணவுக்கூடம் வரை போய்த் திரும்பியது. தாளில் பதினொரு பெயர், அட்டையில் மஞ்சள் கறை. அந்தப் பிரதியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

படிக்கத் தெரியாதவர்களை விட்டுவிட்டால் அது ஊர் ஆகாது. நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில், சாப்பாட்டு நேரத்தில், ஒரு கல்லூரிப் பெண் தினமும் இருபது நிமிடம் வாசித்தாள். கதையில் தங்கை தன் நிலத்தை அண்ணனுக்கு எழுதிக்கொடுக்கும் இடம் வந்தது. ஒரு பாட்டி கையை நீட்டி, "நிறுத்து கண்ணு. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அவ ஏன் ஒரு வார்த்தை கேக்கல?" என்றார். அன்று வாசிப்பு அதோடு நின்றது. மண்வெட்டியை மறுபடி எடுக்கும்வரை அதே பேச்சு. அந்தக் கதையை நான் நாலு தரம் படித்திருக்கிறேன். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

அக்டோபர் முதல் வாரம் தொடங்கினால், நவம்பர் 14 முதல் 20 வரை வரும் தேசிய நூலக வாரத்தில் கூடிப் பேசலாம். மழைக்காலம், அதனால் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை கொடுங்கள்.

கூட்டத்துக்கு மேடையும் பொன்னாடையும் வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். காதால் கேட்டவர்கள் முதலில் பேசட்டும், ஆசிரியர்கள் கடைசியில். மாற்றிச் செய்தால் பலர் வாய் திறக்கவே மாட்டார்கள்.

முடிந்ததும் அந்தத் தாள்களைக் கிழித்துவிடாதீர்கள். அடுத்த வருடம் எந்தத் தெருவில், யார் கையில் முதல் பிரதியைக் கொடுப்பது என்பதை நாங்கள் அவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.