புழு மனையில் படம் மாட்டுவது எப்படி

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் நாங்கள் பட்டுப்புழு வளர்ப்பை நிறுத்தியபோது, புழு வளர்த்த கட்டடமான மனை மட்டும் மிஞ்சியது. முப்பதடி நீளம், இருபதடி அகலம். பட்டுப்புழுவைத் தாக்கும் ஊசி ஈ நுழையாதபடி ஜன்னலெல்லாம் நைலான் வலை. நானும் நாத்தனாரும் கொழுந்தனார் மகனும் செய்கிற படங்களும் சிற்பங்களும் இப்போது அதில்தான் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்களில் சிலர், "எங்களிடமும் ஒரு மனை சும்மா கிடக்கிறது, எப்படி ஆரம்பிப்பது?" என்று கேட்கிறார்கள். எந்தப் படம் அழகு, எதை நடுவில் வைப்பது என்பதுதான் எல்லோருக்கும் முதல் கவலை. நான் முதலில் கேட்பது, அது எதனால் செய்தது என்று.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். கொழுந்தனார் மகன் மல்பெரித் தோட்டத்து வெயிலை மஞ்சள் சாற்றில் வரைந்தான். நல்ல படம். வைகாசியில் வடக்கு ஜன்னலுக்கு அருகே மாட்டினோம். ஆடி பிறப்பதற்குள் வெயில் போய்விட்டது, காகிதம் மிஞ்சியது. வடக்கு வெளிச்சம் சீரானது, அதில் நேர் வெயில் விழாது என்று ஓவியப் புத்தகங்களில் படித்திருந்தேன். அது ஐரோப்பாவுக்குச் சரி. நாம் இருப்பது 12 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சியைத் தாண்டி வடக்கே போனால், ஆகஸ்ட் 20 வாக்கில்தான் திரும்புகிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் வெயில் சாய்ந்து நுழைகிறது. எனவே எந்தப் புத்தகத்தையும் நம்பாமல், வெறும் அறையில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். மணிக்கொரு தரம் வெயில் விழும் இடத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆனியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை செய்தால் உங்கள் சுவர் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கோட்டுக்குள் வரும் இடத்தில் மண் நிறப் படங்களை மாட்டலாம். செம்மண்ணின் சிவப்பு இரும்புத் துருதானே. துருப்பிடித்து முடிந்ததை வெயில் இனி என்ன செய்துவிடும்? பூ, இலை, மஞ்சள் நிறங்களெல்லாம் நிழல் சுவருக்குப் போக வேண்டும். சந்தேகமான நிறம் என்றால் ஒரு துண்டுக் காகிதத்தில் பூசி, பாதியை அட்டையால் மூடி, பதினைந்து நாள் வெயிலில் வையுங்கள். அட்டையை எடுத்ததும் பதில் கிடைத்துவிடும். கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்தில், கல் பலகைகளை நிறுத்திக் கட்டிய பழங்காலக் கல்திட்டைகளுக்குள் வெள்ளை நிறத்தில் வரைந்த உருவங்களை ஒரு முறை போய்ப் பாருங்கள். மண்ணில் கிடைத்த நிறம், தலைக்கு மேல் கல் பலகை, எப்போதும் நிழல். இதைவிட நல்ல காட்சிக்கூடத்தை நான் பார்த்ததில்லை.

சுவருக்கு வருவோம். புழு மனைச் சுவர் என்றால், ஒவ்வொரு முறை இளம்புழு இறக்குவதற்கு முன்பும் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்த சுவர். அது செடி நிறங்களுக்கு எமன். நாங்கள் நான்கு முறை கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்பிலும் ஒரு கூத்து உண்டு. ஈரம் பட்ட மஞ்சள் படம் ஒன்று சுவரில் ஒட்டி நின்றதில், ஆரத்தித் தட்டு கவிழ்ந்தது போல அங்கங்கே சிவந்துவிட்டது. பழைய ரப்பர் செருப்பை விரல் கனத்துக்கு நறுக்கி, சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் ஒட்டுங்கள். படம் சுவரைத் தொடாது. பின்னால் காற்றும் போகும்.

மண் சாந்து வைத்துக் கட்டிய சுவரில் ஆணி அடித்தால் ஆணியோடு சுவரும் வரும். புழுத் தட்டு அடுக்கிய ஸ்டாண்டின் இரும்புக் குழாய் எப்படியும் மூலையில் கிடக்கும். அதைக் கூரைக்குக் கீழே நீளவாக்கில் பொருத்தி, ஒவ்வொரு படத்தையும் இரண்டு கயிற்றில் தொங்கவிடுங்கள். ஒற்றைக் கயிறு வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை, படம் பறந்ததைப் பார்த்திருக்கிறேன். அடிப்பக்கத்தையும் ஒரு நூலால் கட்டிவிடுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலரை அடியில் இருந்தால் போதும். நகரத்துக் கூடங்களில் ஐந்தடி வைக்கிறார்கள். என் மாமியாரும் பள்ளிப் பிள்ளைகளும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.

சிற்பத்துக்கு வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளத் தருமபுரி மாவட்டத்தில் பள்ளிக்கூடம் தேவையில்லை, நடுகற்களே போதும். வெட்டவெளியில் நிற்கும் ஒரு நடுகல்லைக் காலை எட்டு மணிக்குப் பாருங்கள். வீரனின் வில்லும் இடுப்புக் கச்சையும் எழுந்து நிற்கும். நண்பகலில் அதே கல் வெறும் பலகை. மனைக்குள்ளும் அப்படித்தான். புடைப்புச் சிற்பத்தை ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். ஜன்னல் இருக்கும் சுவருக்குச் செங்குத்தான சுவரில் வையுங்கள்.

கருங்கல் வேலை செய்கிறவர்கள் எடையை மறந்துவிடுகிறார்கள். ஓர் அடிக்கு ஓர் அடிக்கு ஓர் அடி கல், ஏறக்குறைய 75 கிலோ. மர ஸ்டூல் தாங்காது. வேலிக்கு நடும் கல்கால் ஒன்றை வெட்டி, பாதியைப் புதைத்து நட்டால் அதுவே பீடம். பெரிய கல்லென்றால் வாசலிலேயே நிற்கட்டும். மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாத பொருளுக்கு எதற்குக் கூரை? மரத்துக்குத்தான் காவல் வேண்டும். மாமரக் கட்டையில் செய்த ஆந்தையின் அடியில் ஒரு நாள் மாவு கொட்டியிருந்தது. வண்டு. நாத்தனார் இப்போது உண்ணிச்செடிக் கொம்பில்தான் யானை கட்டுகிறார். காட்டை அடைத்துக் கிடக்கும் செடி, வெட்டினால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். கொதிக்க வைத்துப் பட்டையை உரித்தால் சூட்டோடு வளைகிறது, கரையானும் எளிதில் தொடுவதில்லை.

ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு வையுங்கள். தலைப்பைவிட, எதில் செய்தது என்பது பெரிதாக இருக்கட்டும்: "ஏரிக்கரைச் செம்மண், வேப்பம் பிசின், பழைய வேட்டித் துணி." எங்கள் ஊர்க்காரர்கள் படத்தின் பொருளைக் கேட்பதில்லை, எந்தக் கொல்லை மண் என்று கேட்கிறார்கள், பிறகு அரை மணி நேரம் நகர்வதில்லை. சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். நான் முதலில் பேனாவில் எழுதியவை, அந்த மஞ்சள் படத்தோடு சேர்ந்தே வெளுத்துப் போயின.