பெயிண்ட் பக்கெட்டில் வீட்டு உரம், மீன் கழிவுக்குத் தனி வழி

கொடுங்கையூர் கிடங்கில் குப்பை பற்றி எரியும் நாட்களில் எங்கள் வியாசர்பாடி மொட்டைமாடியில் துணி காயப்போட முடியாது. வடசென்னைக் குப்பை போய்ச் சேரும் இடம் அதுதான். மலைபோல் குவிந்த ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் உண்டாகும். அது எளிதில் தீப்பிடிக்கும். என் வீட்டு ஈரக் குப்பையாவது அங்கே போக வேண்டாம் என்று 2 வருடமாக மாடியிலேயே உரமாக்குகிறேன்.

காயலான் கடையில் 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் இரண்டு, மூடியோடு வாங்குங்கள். எனாமல் வாசம் அடிப்பது வேண்டாம். விலை கூடின உரத்தொட்டிகள் அவசியமே இல்லை. பக்கவாட்டிலும் அடியிலும் 30, 40 ஓட்டை போடுங்கள். கம்பியைச் சுட்டுக் குத்துவதைவிட சால்டரிங் அயர்ன் நல்லது, ஓட்டை ஒரே அளவாக வரும். திறந்த வெளியில் செய்யுங்கள், அந்தப் புகை ஆகாது. உள்பக்கம் பழைய கொசுவலை, பக்கெட்டுக்குக் கீழே இரண்டு செங்கல், அவற்றின் நடுவே வடியும் நீருக்கு ஒரு பேசின்.

பக்கெட்டுக்குள் அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலை. அதன்மேல் நறுக்கிய காய்கறித் தோல், நசுக்கிய முட்டை ஓடு, கழுவிய டீத்தூள். ஆரம்பத்தில் ஒரு டம்ளர் புளித்த மோர் தெளித்தால் போதும்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம், கொழகொழவென்று வெள்ளைப் புழு. கீழ்வீட்டு அக்கா மேலே ஏறி வந்து, "இன்னாமா இது, சோறு துன்ன முடியல" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஈரக் குப்பை ஒரு கிண்ணம் போட்டால் காய்ந்தது ஒரு பிடிதான் போட்டிருந்தேன். அளவு அதுவல்ல: ஈரம் ஒரு கிண்ணம் என்றால் காய்ந்தது இரண்டு கிண்ணம். அன்றைக்கே மொத்தத்தையும் கோணியில் கொட்டி, நிழலில் ஒரு மணி நேரம் பரப்பி, மரத்தூள் கலந்து திரும்ப நிரப்பினேன். மூன்றே நாளில் நாற்றம் போய்விட்டது.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கை அள்ளி இறுகப் பிழியுங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், தண்ணீர் தெளியுங்கள். நான் பார்த்த அந்த வெள்ளைப் புழுக்கள் பெரும்பாலும் கருப்புப் படை ஈ (black soldier fly) என்ற ஈயின் குஞ்சுகள். கடிக்காது, நோய் பரப்பாது, குப்பையை வேகமாகத் தின்று தீர்க்கும். கொல்லாதீர்கள்.

மரத்தூளை மரவாடியில் கேட்டால் கொடுப்பார்கள். பிளைவுட் அறுத்த தூளில் பசை இருக்கும், அது வேண்டாம். எனக்குப் பிடித்தது தூங்குமூஞ்சி மரத்து இலை. பொடி இலை என்பதால் நொறுக்கவே வேண்டாம், அப்படியே போடலாம். மாவிலை என்றால் நொறுக்கித்தான் போட வேண்டும்.

அப்புறம் மீன். காசிமேட்டிலிருந்து மீன் வாங்காத ஞாயிற்றுக்கிழமை நம் பக்கம் ஏது? குடல், செதில், செவுள் எதையும் பக்கெட்டில் போடாதீர்கள். அதே எடைக்கு மட்ட ரக வெல்லத்தைப் பொடித்துக் கலந்து, பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால் அளவுக்கு நிரப்பி, நிழலில் வையுங்கள். முதல் வாரம் தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை விட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். ஒரு மாதத்தில் தேன் நிறத்தில் மீன் அமிலம் தயார். நாற்றம் மாறிப் பழ வாசம் வரும். வடிகட்டி, 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து செடிக்கு ஊற்றுங்கள்.

ஒரு பக்கெட் நிரம்பியதும் மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் 2 மாதத்தில் கருப்பாக, மண் வாசத்தோடு உதிரும். சலித்து, கப்பியை அடுத்த பக்கெட்டில் போடுங்கள், மோர் தேவைப்படாது.

பிற்சேர்க்கை: இதைப் படித்தவர்களில் இருவர் பெருச்சாளித் தொல்லை பற்றிக் கேட்டார்கள். தரையில் வைத்தால் பிளாஸ்டிக்கைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். மாடி வசதி இல்லாதவர்கள் பக்கெட்டைச் சுற்றிக் கோழி வலையை இரட்டையாகக் கட்டி, மூடிமேல் ஒரு செங்கல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். மழைக்கு முன்பே ஒரு மூட்டை காய்ந்த இலையைக் கட்டி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், அப்போது ஊரெங்கும் தேடினாலும் கிடைக்காது.