அமைச்சருக்கு எழுத்துவழிக் கேள்வி: தப்பிக்கும் வழியை நாமே திறந்துவிடும் தவறுகள்

2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒரு கேள்வி. கையால் மலம் அள்ளும் தொழிலில் இறந்தவர்கள் எத்தனை பேர்? சமூக நீதித் துறை இணையமைச்சர் ராம்தாஸ் அதாவலே எழுத்துவழிப் பதில் தந்தார்: அந்தத் தொழிலால் இறப்பு நேர்ந்ததாகத் தகவல் எதுவும் இல்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அரசு மக்களவையில் வேறொரு கணக்கைத் தந்திருந்தது. 2020 டிசம்பர் 31 வரையான ஐந்து ஆண்டுகளில் சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்யும்போது 340 பேர் இறந்திருக்கிறார்கள் என்றது அந்தப் பதில். தமிழ்நாட்டில் மட்டும் 43 பேர்.

இரண்டும் அரசின் பதில்கள்தான். விஷயம் எங்கே மாறியது என்றால், கேள்வியில். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ‘கையால் மலம் அள்ளுபவர்’ என்பதற்கு ஒரு வரையறையும், சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதற்கு ‘அபாயகரமான துப்புரவு’ என்று இன்னொரு வரையறையும் வைத்திருக்கிறது. முதல் சொல்லை வைத்துக் கேட்டால் பூஜ்யம். இரண்டாவது சொல்லை வைத்துக் கேட்டால் 340. விஷவாயு தாக்கிச் செத்த மனிதர் இரண்டிலும் ஒருவரே. அவரைக் கணக்கில் காட்டுவதும் மறைப்பதும் கேள்வித்தாளில் உள்ள ஒரு சொல்லைப் பொறுத்துப் போகிறது என்பது கொடுமை. ஆனால் அதுதான் நடைமுறை. இந்த நடைமுறை தெரியாமல் கேள்வி எழுதுவதால் எத்தனையோ நல்ல கேள்விகள் வீணாகின்றன.

நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரில் போகும் கேள்விகளில் பலவற்றுக்கு விதை வெளியிலிருந்து வருகிறது. தொழிற்சங்கம், மீனவர் அமைப்பு, மாற்றுத்திறனாளிகள் சங்கம், ரயில் பயணிகள் சங்கம் என்று யாராவது ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள். உறுப்பினரின் உதவியாளர் அதைச் சீர்படுத்தி அனுப்புகிறார். கோளாறு பெரும்பாலும் அந்தத் தாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே கேள்வி எழுதும் முன் அந்தத் துறையின் சட்டத்தையும் திட்ட வழிகாட்டு நெறிமுறைகளையும் எடுத்து, அரசு எந்தச் சொல்லின் கீழ்க் கணக்கு வைத்திருக்கிறது என்று பாருங்கள். நம் கோபத்தின் மொழி மேடைக்கு. கேள்வித்தாளில் அவர்களுடைய பதிவேட்டின் மொழிதான் வேலை செய்யும். சந்தேகம் இருந்தால் இரண்டு சொற்களையும் போட்டுத் தனித்தனி உட்பிரிவாகக் கேளுங்கள்.

‘ஆம் எனில் அதன் விவரம்’

கேள்விகளுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. (அ) இன்னது உண்மையா. (ஆ) ஆம் எனில் அதன் விவரம். (இ) இல்லை எனில் அதற்கான காரணம். (ஈ) அரசு எடுத்த நடவடிக்கைகள். பல பத்தாண்டுகளாக இதே வார்ப்பில் கேட்டுக் கேட்டு, இதற்குப் பதில் எழுதுவதில் அமைச்சக அதிகாரிகளுக்குக் கை பழகிவிட்டது.

மதுரை எய்ம்ஸை எடுத்துக்கொள்வோம். பணி தாமதமாவது உண்மையா, ஆம் எனில் விவரம் என்ன, விரைவுபடுத்த அரசு எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்டால் என்ன வரும்? 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது, ஜப்பானிய நிறுவனத்தின் கடனுதவி பெறப்பட்டது, பணிகள் முன்னேறுகின்றன என்று ஒரு சிறு வரலாறு வரும். அதில் பொய் இருக்காது. நமக்குத் தேவையானதும் இருக்காது.

அதே இடத்தில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அங்கீகரிக்கப்பட்ட மொத்தத் திட்டச் செலவு எவ்வளவு, ஒவ்வொரு நிதியாண்டிலும் ஒதுக்கப்பட்ட தொகை, விடுவிக்கப்பட்ட தொகை, செலவான தொகை தனித்தனியாக எவ்வளவு, கட்டுமான ஒப்பந்தம் எந்தத் தேதியில் கையெழுத்தானது, ஒப்பந்தப்படி எந்தத் தேதியில் முடிய வேண்டும், கால நீட்டிப்பு எத்தனை முறை, எந்தக் காரணத்துக்காகத் தரப்பட்டது? இதற்கு வரலாறு எழுதித் தப்ப முடியாது. எண்ணும் தேதியும் தர வேண்டும். தராவிட்டால், தரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்படி அவைக் குறிப்பில் நிற்கும்.

ஒதுக்கீடு, விடுவிப்பு, செலவு ஆகிய மூன்றையும் பிரித்துக் கேட்காமல் விடுவது நிதி பற்றிய கேள்விகளில் திரும்பத் திரும்ப நேரும் பெருந்தவறு. ‘எவ்வளவு நிதி வழங்கப்பட்டது’ என்று பொதுவாகக் கேட்டால், மூன்றில் எது பெரிதோ அது பதிலாக வரும். பட்ஜெட்டில் ஒதுக்கி, திருத்திய மதிப்பீட்டில் குறைத்து, அதிலும் ஒரு பகுதியை மட்டும் விடுவித்த திட்டம்கூட, ஒதுக்கீட்டுத் தொகையைச் சொன்னால் கம்பீரமாகத்தான் தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பதில்தாளில் ‘(அ) முதல் (உ) வரை’ என்று மேலே போட்டு, ஐந்து உட்பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரே பத்தியாக எழுதியிருப்பார்கள். எந்த உட்பிரிவுக்குப் பதில் இல்லை என்பது அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும். தொடர்பில்லாத ஐந்து விஷயங்களை ஒரே கேள்வியில் அடைத்தால் இதற்கு நாமே இடம் கொடுத்தவர்கள் ஆகிறோம். ஒரு கேள்வி, ஒரு பொருள். உட்பிரிவுகள் அந்தப் பொருளின் எண், தேதி, பெயர், காரணம் என்று இறங்கிக்கொண்டே போகட்டும். பதில் வந்ததும் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் எதிரே விடையைப் பென்சிலால் குறித்துப் பாருங்கள். காலியாக நிற்கும் இடம்தான் அடுத்த கேள்வி.

வாசலிலேயே திரும்பிவிடும் கேள்விகள்

சில கேள்விகள் அமைச்சகத்துக்கே போவதில்லை. மக்களவை நடைமுறை விதி 41 ஒரு நீண்ட தடைப்பட்டியல் வைத்திருக்கிறது. கேள்வி 150 சொற்களுக்கு மேல் போகக்கூடாது. வாதம், அனுமானம், ஏளனம், குற்றச்சாட்டு, அவதூறு கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக்கூடாது. ‘ஒருவேளை இப்படி நடந்தால்’ என்ற கற்பனை கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைத் தொடக்கூடாது. ஏற்கெனவே பதில் வந்ததை மறுபடி கேட்கக்கூடாது. எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் உள்ளதைக் கேட்கக்கூடாது.

இவற்றில் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது ‘வாதம் கூடாது’ என்பதில்தான். ‘ஏழை மாணவர்களின் வாழ்வைச் சீரழிக்கும் இந்தக் கொள்கையை அரசு கைவிடுமா’ என்று எழுதுபவரின் உள்ளம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வரி உள்ளே போகாது. போனாலும் ‘அப்படி ஒரு முன்மொழிவு இல்லை’ என்ற பதிலோடு முடிந்துவிடும். அதே மாணவர்களுக்காக, கடந்த மூன்று ஆண்டுகளில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்கள், நிராகரிக்கப்பட்டவர்கள், ஓராண்டுக்கு மேல் தொகை வராமல் காத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று மாநிலவாரியாகக் கேட்டால், வரும் அட்டவணை உங்களுக்காக வாதாடும்.

அடுத்து, யாரிடம் கேட்பது. காவல், பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் எல்லாம் மாநிலப் பட்டியலில் இருப்பவை. இவை பற்றி மத்திய அமைச்சரிடம் பொதுவாகக் கேட்டால், ‘இது மாநிலப் பொருள்’ என்ற முதல் வரியிலேயே கதவு சாத்தப்படும். எனவே மத்திய அரசு அந்த விஷயத்தில் எங்கே கை வைத்திருக்கிறது என்று தேட வேண்டும். மத்திய நிதி போகிறதா? மத்தியச் சட்டத்தின்படி மாநிலங்கள் அறிக்கை அனுப்ப வேண்டுமா? மத்தியக் குழு ஆய்வுக்கு வந்ததா? அந்த இழையைப் பிடித்துக் கேட்டால் அமைச்சரே பொறுப்பாளி ஆவார்.

நட்சத்திர மோகம்

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளும் கேட்கலாம். அதனால் எல்லோருக்கும் அதன்மேல்தான் ஆசை. மக்களவையில் ஒரு நாளைக்கு அப்படி 20 கேள்விகள் பட்டியலாகும். கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான். அதற்குள் எடுக்கப்படுவது சில மட்டுமே. மற்றவற்றுக்கு எழுத்துவழிப் பதில் தாக்கலாகிவிடும். நட்சத்திரம் இல்லாதவை நாளொன்றுக்கு 230 வரை பட்டியலாகின்றன. நீண்ட அட்டவணைகளும் மாநிலவாரிக் கணக்குகளும் வேண்டுமென்றால் இவைதான் சரியான இடம். தலைப்புச் செய்தியாக வராது, ஆனால் பத்து ஆண்டு கழித்தும் ஆராய்ச்சியாளர் ஒருவர் எடுத்துப் பார்க்கும் ஆவணமாக இருக்கும். அமைச்சரை நேருக்கு நேர் மடக்க வேண்டிய ஒற்றை விஷயத்துக்கு நட்சத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கும் முக்கியம். மக்களவையில் முழுமையாக 15 நாள்கள் முன்னறிவிப்பு வேண்டும். அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் வாரத்தில் ஒரு நாள் மட்டும் பதில் சொல்லும். பட்டியலில் இடம் பிடிக்கக் குலுக்கல் உண்டு. கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு தாளோடு ஓடினால் பயனில்லை. தேதிகள் அறிவிக்கப்பட்டவுடன் கேள்விகள் தயாராக இருக்க வேண்டும்.

பதிலைப் படிப்பதில் நேரும் தவறு

2020 செப்டம்பர் கூட்டத்தொடரில், கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தை நீக்கிவிட்டார்கள். எழுத்துவழிக் கேள்விகள் மட்டும் மிஞ்சின. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர், குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்று தொழிலாளர் அமைச்சகத்திடம் கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வி எழவில்லை என்று பதில் வந்தது. நடந்து நடந்து தண்டவாளத்தில் செத்தவர்களை நாடே பார்த்தது. அதே கூட்டத்தொடரில், ஊர் திரும்பிய தொழிலாளர்கள் ஒரு கோடிக்கு மேல் என்று அரசால் எண்ணிச் சொல்ல முடிந்தது.

‘தரவு இல்லை’ என்பதை ‘நடக்கவில்லை’ என்று படிக்கக்கூடாது. பதிலாகவே அதைக் கொள்ளாமல், அங்கிருந்து அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்: தரவு திரட்ட வேண்டிய பொறுப்பு எந்தப் பிரிவுக்கு, அது மாநிலங்களிடம் எப்போதாவது கேட்டதா, எந்தத் தேதியில் கேட்டது?

2021 ஜூலையில் வந்த ஆக்சிஜன் பதிலையும் இப்படித்தான் படிக்க வேண்டும். ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறப்பு நேர்ந்ததாக மாநிலங்கள் ‘குறிப்பாகத் தெரிவிக்கவில்லை’ என்பதே மாநிலங்களவையில் தரப்பட்ட பதில். ஆக்சிஜன் இல்லாமல் யாரும் சாகவில்லை என்று சொல்லப்பட்டதாக அது ஊரெல்லாம் பரவியது. பதில் சொன்னது வேறு. சொன்னபடி மேற்கோள் காட்டியிருந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகியிருக்கும்: மாநிலங்கள் நிரப்பி அனுப்பிய படிவத்தில் அந்தக் காரணத்துக்கு ஒரு கட்டம் இருந்ததா?

பணமும் கடவுச்சொல்லும்

இதை நீட்டத் தேவையில்லை. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி நீக்கப்பட்டார்கள். 2023 டிசம்பரில் மக்களவை உறுப்பினர் மஹுவா மொய்த்ராவின் பதவி பறிபோன விவகாரத்தில், கேள்விகளைப் பதிவேற்றும் இணையக் கணக்கின் கடவுச்சொல்லை வேறொருவரிடம் பகிர்ந்தது மையக் குற்றச்சாட்டு. எனவே அமைப்புகள் கேள்வியை எழுதிக் கொடுப்பதோடு நிற்க வேண்டும். ‘நாங்களே ஏற்றிவிடுகிறோம்’ என்று கேட்கவே கூடாது. அன்பளிப்பு, பயணச் செலவு எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

பதில் வந்ததும் கோப்பை மூடிவிடுவது

எல்லாத் தவறுகளிலும் எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். ஒரு செய்தி வெளியாகும், உறுப்பினர் சமூக வலைதளத்தில் பதிவிடுவார், அதோடு சரி. 1957இல் எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களுக்குப் போன விவகாரம் மக்களவைக் கேள்விகளில்தான் தலைகாட்டியது. காங்கிரஸ் உறுப்பினர் பெரோஸ் காந்தி பதிலோடு திருப்தியடையாமல் அதை விவாதத்துக்கு எடுத்தார். சாக்ளா விசாரணை ஆணையம் வந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் தன் கட்சி அமைச்சரைத் தொடர்ந்து கேட்டதன் விளைவு அது.

இன்றும் அதற்கான வழிகள் இருக்கின்றன. எழுத்துவழிப் பதில் திருப்தி தராவிட்டால் விதி 55இன் கீழ் அரைமணி நேர விவாதம் கோரலாம். ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’ போன்ற சொற்றொடர்கள் வெறும் சமாளிப்பாகத் தோன்றும். நாடாளுமன்றக் கணக்கில் அவை உறுதிமொழிகள். மக்களவையில் 1953இலிருந்தும் மாநிலங்களவையில் 1972இலிருந்தும் அரசு உறுதிமொழிக் குழு இயங்குகிறது. மூன்று மாதத்துக்குள் உறுதிமொழி நிறைவேற வேண்டும். ஆகாவிட்டால் அமைச்சகம் கூடுதல் அவகாசம் கேட்டாக வேண்டும். அப்படி ஒரு வரி பதிலில் இருந்தால் அன்றே கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து, அந்த எண்ணையும் தேதியையும் சுட்டி, திரட்டப்பட்ட தகவல் எந்தத் தேதியில் அவையில் வைக்கப்பட்டது, வைக்கப்படவில்லை என்றால் எத்தனை முறை அவகாசம் கோரப்பட்டது என்று அடுத்த கூட்டத்தொடருக்கு ஒரு கேள்வி எழுதி உறுப்பினரிடம் கொடுங்கள்.