மலையக வீட்டுக்கு மலிவான வைஃபை கெமரா: தேர்ந்தெடுப்பது முதல் மாட்டுவது வரை

அம்மா தலவாக்கலைப் பக்கம் தனியாக இருக்கிறார். நானும் தங்கச்சியும் கொழும்பில் வேலை. போன வருடம் அவருடைய கோழிக்கூடு இரண்டு இரவுகள் திறந்து கிடந்தது. அதற்குப் பிறகுதான் கெமரா ஒன்று போடலாம் என்று முடிவு செய்தோம். கடையில் "இதுதான் நல்லா போகுது" என்று காட்டியதை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். பகலில் படம் பளிச்சென்று இருந்தது. கொழும்புக்குத் திரும்பிய இரவு போனைத் திறந்தால் திரை முழுக்க வெள்ளை. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வெளிய ஒரே பனி தம்பி, வாசப்படி கூடத் தெரியல" என்றார்.

கெமராவில் பழுது எதுவும் இல்லை. பனி இறங்குகிற, மழை விடாத, கரண்ட் போய் வருகிற இடத்துக்கு எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளியே இருக்கும் எல்லோருக்கும் இந்தக் கவலை உண்டு. அதனால் நான் கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: கடைக்குப் போகுமுன் வீட்டைச் சுற்றி நடங்கள்

வீட்டுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் கடந்தே ஆக வேண்டிய இடம் எது என்று பாருங்கள். நம் பக்கத்து வீடுகள் சரிவில் இருப்பதால் இது சுலபம். பெரும்பாலும் ஒரு படிக்கட்டு இருக்கும், இல்லாவிட்டால் மரக்கறிப் பாத்திக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. முழு முற்றத்தையும் பிடிக்க ஆசைப்பட வேண்டாம். அந்த ஒரு வழியைப் பிடித்தால் போதும். அநேக வீடுகளுக்கு ஒரு கெமராவே போதும் என்பது என் எண்ணம்.

லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருப்பவர்கள் இன்னொன்றையும் இப்போதே கவனிக்க வேண்டும். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) கெமரா வைத்தால் பக்கத்துக் காம்பராவின், அதாவது பக்கத்து வீட்டின், கதவும் படத்தில் விழும். சில இடங்களில் பெண்கள் குளிக்கிற பீலியும் (தண்ணீர் விழும் குழாயும்) விழும். அது கூடவே கூடாது. கெமராவுக்கான போன் செயலியில் படத்தின் ஒரு பகுதியை மறைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் போனை வைத்திருப்பவர் அந்த மறைப்பை எந்த நேரமும் எடுத்துவிடலாம். எனவே கெமராவையே வேறு பக்கம் திருப்பி மாட்டுங்கள். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு, எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று போனில் காட்டிவிடுங்கள். அவர்கள் பேசுவது பதிவாகாமல் இருக்க மைக்கையும் நிறுத்திவிடலாம்.

படி 2: அந்த இடத்தில் சிக்னல் இருக்கிறதா?

கெமரா மாட்டப் போகும் இடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு, வீட்டு வைஃபையில் ஐந்து நிமிடம் வீடியோ கோல் பேசிப் பாருங்கள். படம் நின்று நின்று வந்தால் கெமராவும் அப்படித்தான் இருக்கும். பழைய கருங்கல் சுவரும் தகரமும் வைஃபையை நன்றாகவே தடுக்கும். ரவுட்டரை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி பாருங்கள், பல வீடுகளில் அதுவே போதும்.

மலிவான கெமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும். சுவர் தாண்டிப் போவதில் 5 கிகாஹேர்ட்ஸை விட அதுதான் மேல், ஆகையால் இதைக் குறையாக நினைக்க வேண்டாம். வீட்டில் ரவுட்டரே இல்லையென்றால் சிம் போடும் 4ஜி கெமராக்களும் கிடைக்கின்றன. எந்த நிறுவனத்தின் சிக்னல் உங்கள் மலை மடிப்புக்குள் வருகிறது என்பதை அதே இடத்தில் போனை வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு சிம் வாங்குங்கள்.

டேட்டாவைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். மெமரி கார்டில் பதிவாவதற்கு டேட்டா தேவையில்லை. நீங்கள் தூரத்திலிருந்து நேரலையையோ பதிவையோ பார்க்கும் போதுதான் ஓடும். விநாடிக்கு 1 மெகாபிட் என்ற கணக்கில் வரும் படம் ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 450 எம்பீ எடுக்கும். காலையில் இரண்டு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் எட்டிப் பார்ப்பது பெரிய செலவில்லை. ஆனால் முழு நேரமும் கிளவுடில் (நிறுவனத்தின் இணையச் சேமிப்பில்) ஏற்றினால் பக்கேஜ் ஒரு வாரம் கூடத் தாங்காது.

படி 3: கடையில் எதைக் கேட்பது?

முதலில் மெகாபிக்சல். கடையில் எல்லோரும் பேசுவது இதைத்தான். எனக்கோ இது கடைசிப் பிரச்சினை. முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண, படத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது ஐரோப்பியத் தரநிலை. 2 மெகாபிக்சல் கெமராவின் படம் 1920 பிக்சல் அகலம். லென்ஸ் 90 பாகை விரிவாகப் பார்க்கிறது என்று வைத்துக்கொண்டால், முகம் தெளிவாகத் தெரிவது சுமார் 4 மீற்றர் தூரம் வரைதான். 4 மெகாபிக்சலுக்குப் போனாலும் அது 5 மீற்றராகத்தான் கூடும். கெமராவைப் படிக்கட்டுக்கு இன்னும் ஒரு மீற்றர் கிட்டே கொண்டுபோய் மாட்டினால் அதே பலன் சும்மா கிடைக்கிறது. 2 அல்லது 3 மெகாபிக்சல் வாங்கி, மிச்சக் காசைக் கீழே சொல்லும் சாமான்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மழை. பெட்டியில் "வாட்டர் புரூஃப்" என்று எழுதியிருப்பதை நம்பாமல் ஐபி எண்ணைத் தேடுங்கள். ஐபி65 அல்லது ஐபி66 இருக்க வேண்டும். முதல் 6 தூசி புகாது என்பதற்கு. இரண்டாவது எண் தண்ணீர் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும் என்பதற்கு. உருண்டைத் தலையைத் திருப்பிப் பார்க்கும் சின்னக் கெமராக்கள் மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அவற்றில் பல வீட்டுக்குள் வைப்பவை. உதாரணமாக டிபி-லிங்க்கின் டாப்போ வரிசையில் சி200 உள்ளே வைப்பது, சி310 வெளியே மாட்டுவது, அது ஐபி66. ஈஸ்விஸ் (EZVIZ), ஐமோ (Imou) போன்ற நிறுவனங்களின் கெமராக்களிலும் இப்படி இரண்டு வகையும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கும் ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் உள்கெமராவை இறவாரத்தில் மாட்டிவிட்டு "மழை படாது" என்று இருக்க வேண்டாம். சாரல் படும்.

பற்றரியிலும் சூரியத் தகட்டிலும் ஓடும் கெமரா வேண்டுமா? பண்டாரவளை, வெலிமடை போன்ற வெயில் காணும் இடங்களில் யோசிக்கலாம். மாதக்கணக்கில் பனியும் தூறலுமாக இருக்கும் மேற்குச் சரிவுகளில் நான் சொல்லமாட்டேன்.

இனிப் பனி. இதுதான் என்னை ஏமாற்றியது. மலிவான கெமராக்கள் இரவில் அகச்சிவப்பு ஒளியை வீசி, கறுப்பு வெள்ளையில் படம் பிடிக்கின்றன. அந்த ஒளி லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே போகிறது. பனித்துளிகளில் பட்டு நேரே லென்ஸுக்குத் திரும்பி வருகிறது. பனியில் வாகனத்தின் பெரிய லைட்டைப் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் எழும்புமே, அதே கதைதான். கெமராவை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாலும் இதேதான் நடக்கும்.

இதற்கு வழி வெளிச்சத்தை லென்ஸிலிருந்து பிரிப்பது. நான் படிக்கட்டுப் பக்கம், கெமராவிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, 7 வாட் எல்இடி பல்பு ஒன்றைப் போட்டேன். செட்டிங்ஸில் அகச்சிவப்பை நிறுத்தினேன். இப்போது பனி இரவிலும் படிக்கட்டு தெரிகிறது, அதுவும் நிறத்தோடு. கடும்பனியில் தூரம் தெரியாதுதான், ஆனால் ஆள் வருவது தெரியும். ஆகவே வாங்கும்போது "அகச்சிவப்பைத் தனியாக நிறுத்த முடியுமா?" என்று கேட்டு, செயலியில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பனி நகர்வதையும் அந்துப்பூச்சி பறப்பதையும் கெமரா அசைவு என்று நினைத்து இரவெல்லாம் போனை அடிக்க வைக்கும். மனிதரை மட்டும் அடையாளம் காணும் வசதி உள்ளதாகப் பாருங்கள். ஆனால் ஒன்று: எச்சரிக்கைதான் மனிதருக்கு மட்டும் இருக்க வேண்டும், பதிவு முழு நேரமும் ஓட வேண்டும். எங்கள் கோழிக்கூட்டைத் திறந்தது ஆள் இல்லை, மரநாய். கெமரா மாட்டிய பிறகு மறுபடி வந்து, தளர்ந்திருந்த கொக்கியை மூக்கால் மூன்று தடவை தள்ளி, நான்காவது தடவை கழற்றியது. முழுப் பதிவு இருந்ததால்தான் அதைப் பார்த்தோம். தோட்டப் பக்கம் சிறுத்தையும் காட்டுப்பன்றியும் வரும் இடங்களில், விடியுமுன் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு பெரிய உதவி.

மெமரி கார்ட் வாங்கும்போது கெமரா பதிவுக்கென்றே வரும், அடிக்கடி எழுதுவதைத் தாங்கும் வகையைக் கேளுங்கள். சாதாரணக் கார்ட் சீக்கிரம் போய்விடும். மேலே சொன்ன 1 மெகாபிட் கணக்கில் ஒரு நாளைக்குச் சுமார் 11 ஜிபி ஓடும். 128 ஜிபி கார்டில் பதினொரு நாள் பதிவு நிற்கும், அதன் பிறகு பழையது அழிந்து புதியது ஏறும். இது இருந்தால் மாதச் சந்தா எதுவும் கட்ட வேண்டியதில்லை.

படி 4: மாட்டுமுன் மேசையில் வைத்தே தயார் செய்யுங்கள்

ஏணியில் நின்றுகொண்டு பாஸ்வேர்ட் அடிக்கக் கூடாது. ரவுட்டருக்குப் பக்கத்தில் கெமராவை வைத்து, கார்டைப் போட்டு, கரண்ட் கொடுங்கள். நிறுவனத்தின் செயலியைப் போனில் ஏற்றி, அது சொல்லும் வரிசையில் போங்கள். இணைய மறுத்தால் போன் 5 கிகாஹேர்ட்ஸில் நிற்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். ரவுட்டரில் 5ஐக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு மறுபடி முயலுங்கள். இணைந்ததும் கார்டைச் செயலியிலேயே ஃபோர்மட் செய்து, மென்பொருளைப் புதுப்பித்து, நேரம் சரியா என்று பாருங்கள்.

பாஸ்வேர்ட் விஷயத்தில் சோம்பல் வேண்டாம். 2016இல் மிராய் என்ற தீநிரல் (கெடுதல் செய்யும் மென்பொருள்) உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கெமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாததுதான் அதற்கு வழி விட்டது. வேறெங்கும் பாவிக்காத நீளமான ஒன்றை வையுங்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு இரகசிய எண்ணும் கேட்பது) போடுங்கள். அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காமல், செயலியில் இருக்கும் பகிரும் வசதியால் அனுமதி கொடுங்கள்.

படி 5: மாட்டுதல்

எட்டு முதல் பத்து அடி உயரம், இறவாரத்துக்குக் கீழே, கொஞ்சம் தலை குனிந்தபடி. அதிகம் உயர்த்தினால் முகம் தெரியாது, தொப்பிதான் தெரியும்.

கெமராவுக்குள் தண்ணீர் போகாது, வயர் இணைப்புக்குள்தான் போகும். கெமராவிலிருந்து தொங்கும் குட்டி வயரும் அடாப்டர் வயரும் சேரும் இடத்தைச் சுற்றி, தண்ணீர் புகாத டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். பிறகு அதை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். வயர் சுவர்த் துளைக்குள் நுழையுமுன் ஒரு சாண் கீழே தொங்கி, வளைந்து மேலேறி உள்ளே போக வேண்டும். வயர் வழியே ஓடிவரும் மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. அடாப்டர் எப்போதும் வீட்டுக்குள்.

படி 6: கரண்டும் இடியும்

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு ரவுட்டருக்கான மினி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனால் பற்றரியில் ஓட வைக்கும் சின்னப் பெட்டி, பல கடைகளிலும் கிடைக்கிறது. 5, 9, 12 வோல்ட் என்று பல வெளியீடுகள் உள்ளதை வாங்கினால் ரவுட்டரும் கெமராவும் ஒன்றிலேயே ஓடும். இரண்டின் அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படித்து, அதே வெளியீட்டில்தான் சொருக வேண்டும். மாறிச் சொருகினால் கெமரா எரிந்துவிடலாம்.

இந்த யூபிஎஸ்ஸால் இன்னொரு நன்மை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் இருட்டும்போதே, இடி தொடங்குமுன், அதைச் சுவர்ப் பிளக்கிலிருந்து கழற்றிவிடச் சொல்லி அம்மாவுக்குப் பழக்கியிருக்கிறேன். மின்னல் கரண்ட் கம்பி வழியே வந்தாலும் கெமராவைத் தொடாது, யூபிஎஸ்ஸின் பற்றரி தாங்கும் வரை கெமராவும் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். 5 வாட் கெமரா இரவு பகலாக ஓடினாலும் மாதத்துக்கு நான்கு யூனிட்டைத் தாண்டாது.

மாட்டிய பிறகு

மாதம் ஒரு தடவை மெல்லிய துணியால் லென்ஸைத் துடைத்து, சுற்றியுள்ள சிலந்தி வலையை எடுத்துவிடுங்கள். இரவில் வலையின் ஒரு நூல்கூடப் படத்தை மறைத்துவிடலாம். சந்தேகமாக ஏதாவது பதிவாகியிருந்தால் அன்றைக்கே அந்தத் துண்டைப் போனில் இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் பதினொரு நாளில் அழிந்துவிடும். ஆள் முற்றத்தில் நிற்கும்போதே பார்த்துவிட்டால், முதலில் 119க்கு அழையுங்கள். அடுத்து பக்கத்து வீட்டுக்கு. அம்மாவைக் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லாதீர்கள்.