வாடகை மாசாமாசம் லேட்டா வருதா? ஹவுஸ் ஓனர் என்ன பண்ணலாம்

பெரம்பூர்ல மாடி போர்ஷன் விட்டிருக்கேன். அக்ரிமென்ட்ல 5ஆம் தேதி, ஆனா வர்றது 18, 22, ஒரு தடவை 27. கேட்டா வாட்ஸ்அப்ல "சார் மண்டே கண்டிப்பா". எந்த மண்டேன்னுதான் தெரியாது.

முதல்ல சம்பளம் என்னைக்கு வருதுன்னு கேளுங்க. நம்ம ஆளுக்கு 10ஆம் தேதிதானாம், சரின்னு 12க்கு மாத்திக் குடுத்தேன், ரெண்டு மாசம் கரெக்டா வந்துச்சு, அப்புறம் பழைய கதைதான்.

பணத்தை கையில வாங்காதீங்க, ஜிபேல வந்தா தேதி தானா பதிவாகிடும். "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க"ன்னா ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க, காலி பண்றப்போ இபி பாக்கிக்கும் பெயின்டிங்குக்கும் அதை விட்டா வேற என்ன இருக்கு?

இப்போ சட்டம். தமிழ்நாட்டுல 2017ல போட்ட வாடகை சட்டம் 2019 பிப்ரவரில இருந்து நடைமுறையில இருக்கு. ரெண்டு மாச வாடகை பாக்கி நின்னா ரென்ட் கோர்ட்ல காலி பண்ண வைக்க கேக்கலாம், ஆனா நோட்டீஸ் கிடைச்ச ஒரு மாசத்துக்குள்ள வட்டியோட மொத்தமும் கட்டிட்டா தப்பிச்சுடுவாங்க. அந்தச் சலுகை ஒரு தடவைதான், அதுக்கப்புறம் ஒரு வருஷத்துல மறுபடி தொடர்ந்து ரெண்டு மாசம் கட்டலைன்னா கிடையாது. சிக்கல் என்னன்னா, 27ஆம் தேதி குடுக்கிறவர் ரெண்டு மாச பாக்கி வைக்கவே மாட்டார், அதனால இந்த வழி அவர்கிட்ட செல்லாது. அவருக்கு அக்ரிமென்ட்தான் மருந்து. லேட்டானா இவ்வளவு வட்டின்னு அதுல எழுதுங்க. அக்ரிமென்ட்டை ஆன்லைன்ல ரென்ட் அத்தாரிட்டிகிட்ட (இந்தச் சட்டத்துக்குன்னு இருக்கிற அரசு அதிகாரி) பதிவும் பண்ணிடுங்க, இல்லன்னா நாளைக்கு கேஸ்னு போனா அந்தப் பேப்பரை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

கோவத்துல மோட்டாரை ஆஃப் பண்றது, ஃபியூஸை புடுங்குறது மட்டும் வேணாம். தண்ணி, கரென்ட் கட் பண்ணக் கூடாதுன்னு அதே சட்டத்துல இருக்கு, அப்புறம் அவர் நம்ம மேல கம்ப்ளெயின்ட் குடுப்பார், தப்பு நம்ம பக்கம் வந்துடும்.

11 மாசம் முடியும்போது ரென்யூ பண்ணாம விடுறதுதான் சண்டையில்லாத வழி. ரெண்டு மாசம் முன்னாடியே எழுத்துல சொல்லி, அக்னாலட்ஜ்மென்ட்டோட போஸ்ட்ல அனுப்புங்க. நானும் அனுப்பினேன். அதுல இருந்து 3ஆம் தேதியே வாடகை வந்து நிக்குது, கூடவே "சார் ரென்யூ பத்தி பேசலாமா"ன்னு ஒரு மெசேஜ்.