பாத்தூர் எரிமலை: மட்டக்களப்பில் இருந்து போகிறவர்களுக்கு

பாலித்தீவில் உள்ள பாத்தூர், 1,717 மீற்றர் உயரமான எரிமலை. கடைசியாக 2000ஆம் ஆண்டு வெடித்தது. நடக்கப் பழகியவர்கள் இரண்டு மணித்தியாலத்தில் உச்சிக்குப் போய்விடலாம். நம்மட பக்கத்துப் பிள்ளைகளைப் படுத்துவது ஏற்றம் அல்ல, குளிரும் இறக்கமும்தான்.

சனி, ஞாயிறு மட்டும் போதாது. இரவு பஸ்ஸில் கொழும்பு, கட்டுநாயக்க, பிறகு பெரும்பாலும் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறி, பாலியின் விமான நிலையம் உள்ள டென்பசார். போய்ச் சேரவே ஒரு நாள் கழியும். வெள்ளியிலோ திங்களிலோ போயா வரும் கிழமையாகப் பார்த்து, இரண்டு நாள் லீவும் சேர்த்து எடுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் எடுக்கமுதல் இந்தோனேசியக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். இதைவிட, 2024 பெப்ரவரியில் இருந்து வெளிநாட்டவர் ஒவ்வொருவரிடமும் 150,000 ருபியா சுற்றுலாக் கட்டணம் அறவிடுகிறார்கள்.

நமக்கு மாரி அடிக்கும் மாதங்களே அங்கும் மழைக்காலம். மே முதல் செப்டெம்பர் வரை நல்லது. மார்ச் மாதமளவில் வரும் நியெப்பி என்னும் பாலி இந்துக்களின் மௌன நாளில் விமான நிலையமே 24 மணித்தியாலம் மூடியிருக்கும். அந்தத் திகதியைத் தவிருங்கள்.

கல்லடிப் பாலத்தில் எத்தனை நாள் ஓடினாலும் மலைக்கு உதவாது, அது சமதரை. மூன்று கிழமை முன்னதாகவே மாடிப்படியில் பழகுங்கள்: ஐந்து கிலோ பையோடு அரை மணித்தியாலம், கிழமைக்கு மூன்று தரம். ஏறுவதைவிட மெதுவாக இறங்கிப் பழகுவதில் கவனம் வையுங்கள், முழங்காலுக்கு மேலுள்ள தசை அதில்தான் உரம் பெறும். வசதி கிடைத்தால் ஒருநாள் குடும்பிமலை ஏறிப் பாருங்கள்.

ஏறுவதற்கு முதல்நாள் இரவு தெற்குக் கடற்கரையில் உள்ள குத்தாவில் தங்கினால் மலையடிக்கு வரவே இரண்டு மணித்தியாலம் வேண்டும், தூக்கமே இருக்காது. மலையடி ஏரிக்கரையில் உள்ள தோயா புங்கா என்ற ஊரில் தங்குங்கள். மூன்று மணிக்கு எழும்பி நாலு மணிக்கு நடக்கத் தொடங்கலாம். அவ்வூர் வழிகாட்டி ஒருவரை முதல்நாளே பேசி வைத்துவிடுங்கள். தனியாக வருகிறவர்களை அடிவாரத்திலேயே மறிப்பார்கள்.

விடியமுன் உச்சியில் 10 முதல் 15 பாகை குளிர் இருக்கும், காற்றும் சேரும். ஜக்கெட்டை ஏறும்போது போடாதீர்கள். வியர்வையில் நனைந்த உடுப்போடு உச்சியில் உட்கார்ந்தால்தான் நடுக்கம் பிடிக்கும். காய்ந்த ரீசேட் ஒன்றைப் பையில் கொண்டுபோய் மேலே மாற்றி, அதன்மேல் ஜக்கெட் போடுங்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், கொஞ்சம் கச்சான், நெற்றியில் கட்டும் டோர்ச். கைபேசி வெளிச்சத்தை நம்பிப் போனால் ஒரு கை எப்போதும் முடங்கிக் கிடக்கும்.

உச்சியில் பாறை வெடிப்புகளால் நீராவி வரும், அதில் வழிகாட்டிகள் முட்டை அவிப்பார்கள். கையை நீட்டிப் பார்க்க வேண்டாம், தோல் வெந்துவிடும்.

இனி இறக்கம். பாதையில் கிடக்கும் கரிய கல், எரிமலைக் குழம்பு வாயுக் குமிழோடு ஆறி இறுகியது. பாசிக்குடாக் கரையில் ஒதுங்கும் பவளக்கல் மாதிரி ஓட்டை ஓட்டையாக, பாரமில்லாமல் இருக்கும். நம்மூர்க் கிரவல் போல அது இறுகிப் படியாது, மிதிக்க மிதிக்க உருளும். பயத்தில் பின்னுக்குச் சாய்ந்தால் குதி வழுக்கி விழுவீர்கள். முழங்காலைச் சற்று மடித்து, உடம்பைக் கொஞ்சம் முன்னுக்கு வைத்து, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் மூன்று மீற்றர் இடைவெளி விடுங்கள். விழப்போனால் பாறையைப் பிடிக்காதீர்கள், விளிம்பு கையைக் கிழிக்கும், அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். செருப்போடு போகவே வேண்டாம். கால் நகத்தை ஒட்ட வெட்டிச் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டாவிட்டால், பெருவிரல் முன்னுக்கு இடித்து இடித்து நகம் கறுத்துப்போகும்.

இறங்கியபின் ஏரிக்கரை வெந்நீர்க் குளத்தில் காலை ஆறப் போடலாம். 1926இல் வெடித்தபோது பாத்தூர் ஊரும் கோயிலும் எரிமலைக் குழம்பில் மூழ்கியதால், கோயிலை மேலே கிந்தாமணிக்கு மாற்றிக் கட்டினார்கள். போகிற வழியில் கட்டாயம் பாருங்கள். உள்ளே போகச் சாரமும் இடுப்பில் கட்ட ஒரு துணியும் வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுபோகும் சாரமே போதும்.

2017 நவம்பரில் பக்கத்து ஆகுங் மலை சாம்பல் கக்கியதால் விமான நிலையத்தை மூடினார்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது எரிமலைச் சாம்பலால் விமானம் நின்றால் காசு தருவார்களா என்று வாசித்துப் பாருங்கள். திரும்பி வந்த அடுத்த நாளே சோதனையோ நேர்முகத் தேர்வோ இருந்தால், பயணத்தை வேறு மாதத்துக்குத் தள்ளுங்கள்.